போர்டு மாறினால் ஆள் வேறு

விண்டோஸ் 95 கேட்கும் கீயை யாரிடமும் போய் வாங்க வேண்டியதில்லை. ஏழாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும். மூன்று இலக்கம், ஒரு சின்னக் கோடு, அப்புறம் ஏழு இலக்கம். பின்னால் வரும் ஏழையும் கூட்டினால் அந்தத் தொகை ஏழால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். முன்னால் நிற்கும் மூன்றில் 333, 444 மாதிரி சில எண்கள் மட்டும் ஆகாது. சோதனை அவ்வளவுதான். 111-1111111 என்று ஒன்றையே தட்டிக்கொண்டு போனாலும் உள்ளே விட்டுவிடும். கம்ப்யூட்டர் சென்டரில் எங்களுக்கு வகுப்பெடுத்த அண்ணன் அப்படித்தான் தட்டுவார். அவர் கண் திரையில்கூட இருக்காது.

அந்தச் சோதனைக்கு எண்ணைத் தெரியும். ஆளைத் தெரியாது, கம்ப்யூட்டரையும் தெரியாது. ஒரே எண்ணை ஊர் முழுக்கப் போட்டாலும் யாருக்கும் செய்தி எட்டாது. 2001 அக்டோபரில் எக்ஸ்பி வந்தபோதுதான் கேள்வியே மாறியது. எண் சரியா என்பதோடு நிற்காமல், 'நான் போன தடவை பார்த்த அதே கம்ப்யூட்டர்தானா நீ?' என்று கேட்க ஆரம்பித்தது. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் ராம் மாற்றி, ஹார்ட் டிஸ்க் மாற்றி, எஸ்எம்பிஎஸ் மாற்றி, கடைசியில் கேபினெட்டையும் மாற்றி ஒரே கம்ப்யூட்டரைப் பத்து வருஷம் ஓட்டுகிற ஊர் நம்முடையது. இதில் எது அதே கம்ப்யூட்டர் என்று கேட்டால் யார் பதில் சொல்வது? மைக்ரோசாஃப்ட்டிடம் ஒரு பதில் இருந்தது. அதையும் அவர்கள் அடிக்கடி மாற்றிக்கொண்டார்கள்.

அவர்களுடைய கவலை புதிதில்லை. 1976 பிப்ரவரியிலேயே, இருபது வயதில், பில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் என்ற கம்ப்யூட்டருக்கு அவர்கள் எழுதிய பேசிக் மொழியைத் துளையிட்ட காகித நாடாவில் பிரதியெடுத்து ஆளாளுக்குக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். காசு கொடுத்தவர்கள் கொஞ்சம், பயன்படுத்துகிறவர்கள் ஏராளம் என்பதுதான் கடிதத்தின் சாரம். நியாயமான புலம்பல். அதற்குத் தொழில்நுட்பத்தில் ஒரு விடை வர இருபத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது.

எக்ஸ்பியின் விடை பத்து விஷயங்களின் கூட்டு. பிராசஸர் என்ன வகை, ராம் எவ்வளவு, டிஸ்ப்ளே கார்டு எது, ஹார்ட் டிஸ்க் எது, சிடி டிரைவ் எது, நெட்வொர்க் கார்டின் முகவரி என்ன என்று பத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு மாறினால் கண்டுகொள்ளாது. நாலைந்து மாறிவிட்டால் மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும். நெட்வொர்க் கார்டு பழையதாகவே இருந்தால் கொஞ்சம் கூடுதல் சலுகை. இதில் ஒரு வேடிக்கை உண்டு: ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் அடித்தால் அதற்கு ஒரு புது வரிசை எண் விழும், அந்த எண்ணும் பத்தில் ஒன்று. ஆக, ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் வெறுமனே ஃபார்மட் அடித்தாலே உங்கள் கம்ப்யூட்டர் பத்தில் ஒரு பங்கு வேறு கம்ப்யூட்டர் ஆகிவிடும்.

அந்தக் காலத்தில் ஃபார்மட் அடிப்பது எல்லா வியாதிக்கும் வைத்தியம். மெதுவாக ஓடுகிறதா, வைரஸா, ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லையா, 'ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டுரலாம் சார்'. விவரமான சர்வீஸ் பையன் அதற்கு முன்னால் சி டிரைவுக்குள் போய், சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் டபிள்யூபிஏ.டிபிஎல் என்றொரு சின்னக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்வான். ஆக்டிவேட் ஆன சேதி அதில்தான் இருக்கும். ஓஎஸ் போட்டபின் அதைத் திரும்ப அதே இடத்தில் வைத்தால், பாகங்கள் மாறாதவரை, எக்ஸ்பி வாயைத் திறக்காது. விண்டோஸை எடுத்து வைக்க வேண்டாம், அனுமதியை எடுத்து வைத்தால் போதும் என்று எந்தச் சான்றிதழும் இல்லாத அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது.

அப்படி எடுத்து வைக்காதவர்கள் நெட்டில் ஆக்டிவேட் செய்ய வேண்டும், இல்லையென்றால் போன். ஒரு அச்சக நண்பருக்காக, பெட்டியோடு வாங்கிய ஒரிஜினல் எக்ஸ்பிக்கு நான் அந்தப் போனைச் செய்திருக்கிறேன். திரையில் ஆறு ஆறாகப் பிரித்து, ஐம்பது இலக்கத்துக்குக் குறையாத ஒரு எண். பதிவு செய்த குரல் ஒவ்வொரு கட்டமாகக் கேட்கும், போனில் தட்ட வேண்டும். பக்கத்து அறையில் ஆஃப்செட் மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு குரல் ஒரு மனிதரிடம் இணைத்தது. அவர் நிதானமாக ஒன்றே ஒன்று கேட்டார்: 'இந்த சிடியை எத்தனை கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறீர்கள்?' 'ஒன்றில்.' 'எழுதிக்கொள்ளுங்கள்' என்று இன்னொரு நீண்ட எண்ணைச் சொன்னார். அடித்தேன், முடிந்தது. இத்தனை பாகங்களைக் கணக்கெடுத்து, அதை எண்ணாக்கி, எண்ணைச் சுருக்கி, கடல் கடந்து அனுப்பி, முடிவில் அவர்கள் நம்பியது என் வாய்ச்சொல்லை. அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த ஒரே இடம் அதுதான்.

பெட்டியோடு வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை. சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள்டு கம்ப்யூட்டருக்குக் கொட்டேஷன் வாங்கினால் பிராசஸர், போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், கேபினெட், மானிட்டர், யுபிஎஸ், மவுஸ் பேட் வரைக்கும் வரிசையாக விலை இருக்கும். விண்டோஸ் என்ற வரியே இருக்காது. காய்கறியோடு வரும் கறிவேப்பிலை மாதிரி அது கொசுறு. சிடியின் மேலேயே மார்க்கர் பேனாவால் கீயை எழுதியிருப்பார்கள். எஃப்சிகேஜிடபிள்யூ என்று ஆரம்பிக்கும் ஒரு கீ எக்ஸ்பி கடைக்கு வருவதற்கு முன்பே கசிந்து உலகம் முழுக்கப் பரவியது. பெரிய நிறுவனங்களுக்கென்று கொடுத்த ரகம் அது. அந்த ரகத்துக்கு ஆக்டிவேஷனே கிடையாது. 2002-இல் முதல் சர்வீஸ் பேக் வந்தபோது அந்தக் கீயை விலக்கி வைத்தார்கள். கடைக்காரர்கள் வேறு சிடி எழுதினார்கள்.

ஆக, பாகங்களை எண்ணிப் பார்க்கும் அந்தச் சோதனை காசு கொடுத்து வாங்கியவனைத்தான் சோதித்தது. கொசுறுக்காரனுக்கு அந்தத் திரையே வரவில்லை. விஸ்டா அதைவிட மோசம். ஆரம்பத்தில் குறித்த நாளுக்குள் ஆக்டிவேட் செய்யாவிட்டால் ஒரு மணி நேரம் பிரவுசர் மட்டும் கொடுத்து வெளியே தள்ளும். 2007 ஆகஸ்டில் சரிபார்க்கும் சர்வரே கோளாறாகி, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க, ஒழுங்காக வாங்கியவர்களையும் போலி என்று சொன்னது. 2008 அக்டோபரில் சீனாவில் போலி எக்ஸ்பிக்காரர்களுக்கு மணிக்கொரு தரம் டெஸ்க்டாப் கருப்பாகும்படி செய்தார்கள். போலி வைத்திருந்தவர்களே கோபப்பட்டுக் கத்தினார்கள். அதற்கப்புறம் கம்பெனிக்கு வேகம் குறைந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கு வந்தபோது தண்டனை, வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாக இரண்டு வரி, செட்டிங்ஸில் வால்பேப்பரை மாற்ற முடியாது, அவ்வளவே. கல்யாண மண்டபத்து எல்இடி திரையில் மாப்பிள்ளை தாலி கட்டும்போது அட்சதைக்கு நடுவே அந்த இரண்டு வரி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். யாரும் அதைப் படிப்பதில்லை.

வால்பேப்பர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2011-இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் இரண்டு ஓஎஸ் இருந்தன: சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், கூடவே விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இரண்டுமே முறையானவை. ஆனால் ஸ்டார்ட்டரில் வால்பேப்பரை மாற்ற வழி கிடையாது, அந்த விலைக்கு அவ்வளவுதான் என்று கம்பெனியே வைத்திருந்த கட்டுப்பாடு. ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அநீதி என்ன இருக்கிறது? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார்கள்: 'அண்ணே, அல்டிமேட் போட்டுக் குடுங்க.' முறையான அனுமதியுள்ள ஒன்றை அழித்துவிட்டு, விஜய் படமோ சூர்யா படமோ வைப்பதற்காகத் திருட்டு அல்டிமேட்டுக்கு நூறு ரூபாயோ இருநூறோ கொடுத்தார்கள். ஸ்டார்ட்டரில் அந்தப் பூட்டைப் போட்டவர்கள் ஒரு பதினேழு வயதுப் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம். லினக்ஸைப் பற்றிக் கேட்கிறீர்களா? அதில் கீயுமில்லை, கேள்வியுமில்லை. நான் வீட்டில் வைத்திருக்கிறேன். டிடிபி கடைக்காரரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். பேஜ்மேக்கரும் வானவில் எழுத்துருவும் அதில் ஓடுமா என்று கேட்பார்.

பிராண்டட் லேப்டாப் வாங்கியவர்களுக்குப் பத்துப் பாகக் கணக்கு வம்பு கிடையாது. அடியில் ஒரு ஸ்டிக்கர், அதில் இருபத்தைந்து எழுத்துக் கீ. அந்தக் கீயில் உயிரெழுத்தே வராது. ஓவும் பூஜ்யமும் குழம்பும் என்று இரண்டையும் விட்டார்கள். ஐயும் ஒன்றும் குழம்பும் என்று இரண்டையும் விட்டார்கள். இவ்வளவு யோசித்தவர்கள் பியையும் எட்டையும் விட்டுவைத்தார்கள், ஜியையும் ஆறையும் விட்டுவைத்தார்கள். மடியில் வைத்து வியர்வையிலும் சூட்டிலும் தேய்ந்த ஸ்டிக்கரை டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் மிச்சம் தெரிவது அந்த நாலும்தான்.

விண்டோஸ் 8-இலிருந்து ஸ்டிக்கரில் கீ இல்லை. தொழிற்சாலையிலேயே மதர்போர்டில் எழுதிவிடுகிறார்கள். திரும்ப ஓஎஸ் போட்டால் அதுவே எடுத்துக்கொள்ளும், ஒன்றும் கேட்காது. இதுதான் இரண்டாவது பதில்: பத்தெல்லாம் வேண்டாம், போர்டுதான் கம்ப்யூட்டர். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் விதியை முழுக்கப் படித்தால் சிரிப்பு வரும். கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸில், போர்டு கெட்டுப்போய் மாற்றினால் அது அதே கம்ப்யூட்டர், அனுமதி தொடரும். ஆசைப்பட்டு நல்ல போர்டாக மாற்றினால் அது புதுக் கம்ப்யூட்டர், அனுமதி புதிதாக வாங்க வேண்டும். போடப்பட்ட போர்டு ஒன்றாகவே இருக்கலாம். போட்டவர் மனசில் இருந்தது என்ன என்பதை வைத்துக் கம்ப்யூட்டர் அதுவா வேறா என்று முடிவாகும்.

மூன்றாவது பதில் விண்டோஸ் 10-இல் பாதியாகவும் 11-இல் முழுசாகவும் வந்தது. அனுமதி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு சேர்ந்துகொள்ளும். போர்டு மாறினாலும் 'சமீபத்தில் பாகம் மாற்றினேன்' என்று ஒரு பொத்தானை அழுத்தி, பழைய பட்டியலில் நம் கம்ப்யூட்டரைக் காட்டினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும். போனில் ஐம்பது இலக்கம் தட்டியவனுக்கு இது பெரிய சௌகரியம், அதை மறுக்கமாட்டேன். ஆனால் இப்போது கம்ப்யூட்டர் என்பது பாகமும் இல்லை, போர்டும் இல்லை, ஒரு மின்னஞ்சல் முகவரி. அந்த முகவரி இல்லாதவர் என்ன செய்வார்?

பாளையங்கோட்டையில் என் பெரியம்மாவுக்கு மின்னஞ்சல் இல்லை. அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 நன்றாகவே ஓடியது. 2025 அக்டோபரோடு அதற்கு ஆதரவு நின்றுவிடும், 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இந்தப் பெட்டியில் கிடையாது என்றார்கள். அனுமதி செல்லும், பெட்டி செல்லாது. லேப்டாப் வாங்கினாள். முதல் நாளே திரை அக்கவுண்ட் கேட்டது. விடுமுறைக்கு வந்திருந்த பேரன், என் அண்ணன் மகன், தன்னுடையதையே போட்டுவிட்டு துபாய்க்குப் போய்விட்டான். அவளுக்கு அது தெரியவும் தெரியாது.

அந்த லேப்டாப் கெட்டுப்போனபோது வாரண்டியில் போர்டை மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டில் வைத்து ஆன் செய்தால் நீலத் திரை, மீட்பு எண் கேட்டது: நாற்பத்தெட்டு இலக்கம். அக்கவுண்ட் போட்டபோதே விண்டோஸ் டிஸ்க் முழுவதையும் தானாக மறையாக்கி, அதைத் திறக்கும் எண்ணைப் பேரனின் கணக்கில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. போர்டு மாறியதும் அதற்கு ஆள் வேறு. முன்பெல்லாம் இந்தச் சந்தேகத்தால் போவது விண்டோஸ் மட்டும். இப்போது பெரியப்பாவின் கடைசி வருஷப் போட்டோக்களும் அந்த டிஸ்கில்தான்.

வாட்ஸ்அப்பில் அவனைப் பிடித்தோம். அவன் ஆறு ஆறாகச் சொல்ல, பெரியம்மா ஒவ்வொன்றையும் உரக்கத் திருப்பிச் சொல்ல, நான் தட்டினேன். ஒவ்வொரு ஆறும் பதினொன்றால் வகுபடும்படி அமைத்திருப்பதால் ஒரு கட்டத்தில் தவறினால் அங்கேயே மறித்துவிடும். நாலாவதில் மறித்தது, 'ஏழா, ஒன்பதா?' என்று கேட்டுத் திருத்தினோம். திறந்துகொண்டது. போட்டோக்கள் இருந்தன. மூலையில் இரண்டு வரி எதுவும் இல்லை.

'ஆச்சி, வந்திருச்சா?' என்றான் அவன்.

'வந்திருச்சுல. ஆமா, எங்காசுல வாங்குன டப்பாவத் தொறக்க ஒங்கிட்ட எதுக்கு நம்பர் கேக்கணும்?'

அவன் அதற்கு ஏதோ சொல்லத் தொடங்கினான். அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு, அந்த நாற்பத்தெட்டு இலக்கத்தையும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதித் தரச் சொன்னாள்.