முதலெழுத்தும் மாக்ரோவும்

தகப்பனின் பெயரிலிருந்து ஓரெழுத்தை எடுத்துத் தன் பெயரின் முன்னே வைத்துக்கொள்வது தமிழர் வழக்கம். அவ்வோரெழுத்துப் பிழைத்தால், பிறப்புச் சான்றிதழில் ஒருவனாகவும் பரிசுச் சான்றிதழில் வேறொருவனாகவும் பிள்ளை நிற்க நேரும். அண்மையில் ஜிந்துப்பிட்டியில் மாலை வகுப்பொன்றின் பரிசளிப்பு விழாவுக்கு முந்திய வாரத்தில் இத்தகைய இக்கட்டு ஒன்று தோன்றிற்று. அதைத் தீர்க்க நாமும் அழைக்கப்பட்டோம்.

பெயர்ப்பட்டியல் எக்ஸெல் விரிதாளில் இருந்தது. தகப்பன் பெயர் ஒரு நிரலில், பிள்ளையின் பெயர் அடுத்த நிரலில். இரண்டையும் இணைத்துத் தரும் மாக்ரோவை முன்னாள் மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். மாக்ரோ என்பது, பலமுறை கையால் செய்ய வேண்டியதை ஒரே ஏவலில் செய்விக்கும் கட்டளைத் தொகுதி. மின்னஞ்சலில் வந்த கோப்பாதலின் முதலில் அது இயங்கவே மறுத்தது. மாக்ரோவழி நச்சுநிரல்கள் பரவியமையால், இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மாக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் தடுத்துவைக்கின்றது. அனுப்பியவர் அறிந்தவராயின், கோப்பின் பண்புகளுள் அத்தடையை நீக்கிக்கொள்ளலாம்.

தடை நீங்கியதும் மாக்ரோ தங்குதடையின்றி ஓடியது. பிழைச்செய்தி ஒன்றேனும் இல்லை. ஆயின் செல்லையாவின் மகனுக்குச் ‘ச.’ என்றும், முருகேசுவின் மகளுக்கு ‘ம.’ என்றும் வந்தன. “தட்டச்சுப் பிழை போலும், சேர்” என்றார் மாணவர். நாம் அவ்வாறு கருதவில்லை. கந்தையாவும் அருணாசலமும் நடராசாவும் சரியாக வந்திருந்தனரே! சரியானவற்றையும் பிழையானவற்றையும் இரு புறமாகப் பிரித்து நோக்கினால் நோயின் வேர் தானே புலப்படும்.

எஃப் 8 விசையை அழுத்த அழுத்த மாக்ரோ வரி வரியாக நடக்கும். அவ்வாறு நடத்தியபோது தமிழ்ப்பெயர்களின் இடத்தில் வினாக்குறிகளே தெரிந்தன. மாணவர் திடுக்கிட்டார். இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மாக்ரோ எழுதும் சாளரம் பழைய முறையினது, பெரும்பாலும் தமிழைக் காட்டமாட்டாது. இடையில் கிடைக்கும் விடையை விரிதாளின் வெறுங்கட்டம் ஒன்றில் எழுதச் செய்தால் அங்கே தமிழ் செம்மையாகத் தோன்றும்.

குற்றம் ‘லெஃப்ட்’ என்னும் கட்டளையில் இருந்தது. இடப்பக்கத்திலிருந்து ஒன்றை எடு என்றால், அஃது எடுப்பது எழுத்தை அன்று, யுனிகோட் குறியீட்டை. ‘செ’ நமக்கு ஓரெழுத்து. கணினிக்கோ ‘ச’ ஒன்று, ஒற்றைக்கொம்பு மற்றொன்று. கொழும்பு என்னும் சொல்லை எண்ணச் சொன்னால், நான்கெழுத்தை அது 8 என்கிறது! உயிர்மெய்யைப் பிளந்து பார்க்கும் இக்கணக்கை நம் மாணவர்கள் ஒருமுறை செய்துபார்த்தல் நன்று.

பட்டியலைக் கையால் திருத்திவிடலாமென ஒருவர் கூறினார். அடுத்த ஆண்டு அதே பிழை மீண்டும் வருமாதலின் நாம் இசையவில்லை. முதற்குறியீட்டை எடுத்தபின், அடுத்தது 3006 முதல் 3021 வரையுள்ள எண்ணுடையதாயின் அதையும் சேர்த்துக்கொள் என்று மாணவர் கட்டளையை மாற்றினார். கால், கொம்பு, புள்ளி முதலியன அவ்வெண்களுள் அடங்கும். செல்லையாவுக்குச் ‘செ’ மீண்டது.

எஞ்சியது ஸ்ரீஸ்கந்தராஜா என்னும் பெயர். அதற்கு ‘ஸ்.’ என்றே வந்தது. புள்ளிக்குப் பின் வரும் ‘ரீ’ புது விதிக்கு அகப்படவில்லை. அதற்கெனத் தனி நிபந்தனை ஒன்றை அவர் சேர்த்தார். 2005இல் யுனிகோடில் இடம்பெற்ற ‘ஶ’ கொண்டு ‘ஶ்ரீ’ எனத் தட்டச்சிடுவோரும் உளராதலின், அவர்களுக்காக மற்றொன்றையும் சேர்க்கச் சொன்னோம்.