தங்கவயலில் ஓர் ஒட்டுப் போர்வை

பெங்களூரிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில் பங்காருப்பேட்டை என்னும் சந்திப்பு உண்டு. அங்கிருந்து பிரியும் கிளைப்பாதை கோரமண்டல், உரிகம், சாம்பியன் ஆகிய நிலையங்களைக் கடந்து மாரிகுப்பத்தில் முடிவடைகிறது. கோலார் தங்கவயலுக்குச் செல்லும் வழி இதுவே. வண்டியில் ஏறி அமர்ந்தவுடனேயே தமிழ்ப் பேச்சு காதில் விழத் தொடங்கும். நாம் இருப்பது கன்னட நாடு என்பதை நிலையத்தின் பெயர்ப் பலகைதான் நினைவூட்ட வேண்டும்.

தங்கவயலின் வரலாறு நம் அன்பர்கள் பலரும் அறிந்ததே. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு வந்தபின் சுரங்கத் தொழில் ஓங்கியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து ஏழை எளிய மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர். 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் பிறந்த மின்சாரம் 92 மைல் தொலைவு கம்பிவழி ஓடி இச்சுரங்கங்களை இயக்கியது. பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பின்னர்தான். 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 800 டன்னுக்கும் மேற்பட்ட பொன்னை ஈந்த அந்தச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. இன்று இவ்வூர் இளைஞர் பல்லாயிரவர் விடியுமுன் எழுந்து, இதே வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் திரும்புகின்றனர்.

இவ்வூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் எலும்பைத் தொடும். ஆனால் பூமிக்கடியில் நிலை வேறு. சாம்பியன் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். அந்த வெப்பத்தில் வியர்த்து உழைத்த தொழிலாளி, வேலை முடிந்து மேலே வந்ததும் குளிர்காற்றில் நடுங்கியபடி வீடு சேர்வான். மூங்கில் தட்டியாலும் தகரத்தாலும் ஆன வரிசை வீடுகளில் குளிருக்குத் தடையேது? பழம்புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி ஊசியால் ஓட்டிய போர்வையே அவ்வேழைக் குடும்பத்தின் கம்பளம். இத்தகைய போர்வையை வட கன்னட நாட்டார் ‘கௌதி’ என்பர். தெலுங்கர் ‘பொந்த’ என்பர். உத்தர கன்னட மாவட்டத்துக் காடுகளில் வாழும் ஆப்பிரிக்க மரபினரான சித்தியரும் இதனைத் தைக்கின்றனர். போர்வையின் நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துணிப் பூக்களை வைக்காவிடில் அது முழுமை பெறாது என்பது அவர்கள் வழக்கம்.

சாம்பியன் பகுதியில், பழைய சுரங்க வரிசையொன்றில் வாழும் மூதாட்டி ஒருவர் இத்தகைய போர்வையொன்றைத் தயாரிப்பதைக் காணும் பேறு எனக்குக் கிட்டியது. அக்கம்பக்கத்தார் அவரை ‘ஆயா’ என்றே அழைக்கின்றனர். பெங்களூரில் மணமாகி வாழும் பேத்திக்குத் தலைப்பிரசவம் நெருங்கிவிட்டது. வரப்போகும் குழந்தைக்கு ஆயா தரும் சீர் இப்போர்வை. ஆனால் ஓர் இடையூறு. மூன்று அடுக்குத் துணியில் ஊசியைத் தள்ளும் வலிமை அவர் விரல்களுக்கு இப்போது இல்லை. ஆகவே மேல்துணியை இணைத்து, அடுக்கி, கோடு கிழித்து அனுப்பிவிடுவது. கையோட்டத்தைப் பேத்தியே முடித்துக்கொள்வது என்பது ஏற்பாடு. பேத்திக்கோ நேர் ஓட்டத்தையல் தவிர வேறொன்றும் தெரியாது. அருகிருந்து சொல்லித்தர ஆயாவும் அங்கே இருக்கமாட்டார். ஆதலால் துணியே சொல்லித்தரும்படி அதனை ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது.

முதல் வேலை துவைப்பது. தங்கவயலில் இது எளிய செயலன்று. பொன்னெடுத்தபின் கொட்டிய பாறைத்தூள் மலைபோல் குவிந்து கிடக்கிறது. ‘சயனைடு மேடு’ என்று இதனைச் சொல்வர். காற்றடிக்கும் நாட்களில் அத்தூள் வீட்டுக்குள் வந்து பெட்டியின் மடிப்பில்கூடப் படியும். அது குழந்தையின் போர்வையில் இருக்கலாகாது. ஆகவே ஒவ்வொரு துணியும் மும்முறை அலசப்பட்டது. புதுத்துணியைச் சேர்ப்பதானால் அதனையும் நனைத்துச் சுருங்கவிட்ட பின்னரே வெட்ட வேண்டும். சாயம் போகுமா என்றறிய, ஈரத்துணியை வெள்ளைத் துணியின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். சாயம் ஒட்டிய சிவப்புத் துணி ஒதுக்கப்பட்டது.

அடுத்தது தேர்வு. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அதன் நலிவு தெரிந்துவிடும். நூல் இற்றுச் சல்லடையானது போர்வைக்கு ஆகாது. இடுப்பில் செருகும் உள்தலைப்பு வெயில் படாமல் நிறம் காத்திருக்கும். பருத்தியோடு பட்டைச் சேர்க்கலாகாது. இரண்டும் ஒரே வகையாய்த் தேய்வதில்லை. காலஞ்சென்ற கணவர் சுரங்கத்துக்கு அணிந்து சென்ற காக்கிக் காற்சட்டை ஒன்று பெட்டியின் அடியில் இருந்தது. அதனைச் சேர்க்க ஆயாவுக்கு விருப்பம்தான். ஆனால் அது முரட்டுத் துணி.

“கிழிஞ்சதைத் தைச்சுக்கலாம் கண்ணு; ஊசியே ஏறாத துணியை அந்தப் பொண்ணு என்ன செய்யும்?” என்றார்.

சிறிது நேரம் அதனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதன் பையின் உட்துணியைப் பிரித்தெடுத்தார். மெல்லிய வெள்ளைப் பருத்தி. அதில் ஒரே ஒரு சதுரம் தேறியது.

போர்வையின் அளவு 36 அங்குலச் சதுரம். வரிசைக்கு 6 வீதம் 6 வரிசை. ஆக 36 துண்டுகள். ஒவ்வொன்றும் தைத்தபின் 6 அங்குலம் நிற்க வேண்டுமாதலால், நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு, 6½ அங்குல அட்டையை வைத்து வெட்டினார். வெட்டுமுன் துணியிலிருந்து ஒரு நூலை உருவினார்; அந்த நூல் விட்ட தடமே நேர்கோடு. நெசவுக்குக் குறுக்கே சாய்வாக வெட்டிய துண்டு இழுபட்டுக் கோணலாகிவிடும்.

பிறகு துண்டுகளைத் தரையில் பரப்பி, இரண்டு நாட்கள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். அந்த வெள்ளைச் சதுரம் நடுவில் வரவில்லை. ஓரத்திலிருந்து இரண்டாவது இடத்தில் அமர்ந்தது. ஏனென்று நான் கேட்கவில்லை. மருமகள் மிதி இயந்திரத்தில் வரிசை வரிசையாகத் தைத்துக் கொடுத்தார்.

கையோட்டத்துக்குரிய மேல்துணியில் இனிமேல்தான் கவனம் மிகுதியும் தேவை. தையலின் உட்புற விளிம்புகளை ஒரே பக்கமாகச் சாய்த்து இஸ்திரியிட வேண்டும். முதல் வரிசையில் வலப்புறம் சாய்த்தால், இரண்டாம் வரிசையில் இடப்புறம் சாய்ப்பது முறை. அப்போது வரிசைகள் சந்திக்கும் இடத்தில் தடிப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. மூலைகளும் பிசகாமல் பொருந்தும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல், வைத்து எடுக்க வேண்டும். பின்புறம் தொங்கும் நூல் நுனிகளை ஒன்றுவிடாமல் கத்தரித்தார். கறுப்பு நூல் ஒன்று வெள்ளைத் துணிக்கடியில் கிடந்தால், அது மேலே நிழலாய்த் தெரியும். பின்னர் மூலைக்கு மூலை அளந்தார். இரு குறுக்களவும் ஒத்திருந்தன. போர்வை சதுரமாயிற்று.

தையற்காரர் சுண்ணத்தால், ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் தையலிலிருந்து அரை அங்குலம் தள்ளி ஒரு சிறு சதுரம் வரைந்தார். ஊசி செல்லவேண்டிய வழி அதுவே. அங்கே தையல் விளிம்பின் தடிப்பு குறுக்கிடாது. பழகாத கைக்கும் ஊசி இலகுவாய் இறங்கும்.

இறுதியாக அடுக்குதல். 40 அங்குலச் சதுரமாய், ஒட்டின்றி எடுத்த புடவைத் துணி அடியில், இரண்டாய் மடித்த பழைய வேட்டி நடுவில், மேல்துணி மேலே. அடித்துணி நாற்புறமும் மிஞ்சியிருப்பது பின்னர் மடித்துக் கரை கட்டுவதற்காக. சுருக்கமின்றி விரித்து, ஓரங்களில் படியும் செங்கல்லும் பாரம் வைத்து, நடுவிலிருந்து நான்கு திசைக்கும் நீண்ட தையலாக நூலோட்டினர். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து தேங்கும். இத்தையல் வேலை முடிந்ததும் பிரிக்கப்படுவது. ஆகவே சாயம் ஒட்டாத வெள்ளை நூலே ஏற்றது. நான்கு விரற்கடைக்கு ஒரு வரிசையாக அது அமைந்தது.

எல்லாம் முடிந்ததும் ஒரு மூலைச் சதுரத்தில் மட்டும், விரல் வலியைப் பொறுத்துக்கொண்டு, ஆயா தாமே கையோட்டம் தைத்தார். ஒரு சதுரத்துக்கு ஒரு முற்பகல் கழிந்தது. “இதைப் பார்த்துக்கினு மீதியைப் போட்டுக்கும்” என்றார். தேன்மெழுகு தேய்த்த நூலுண்டையும், குட்டை ஊசி நான்கும் போர்வையோடு சுருட்டி வைக்கப்பட்டன. மறுநாள் விடியல் வண்டியில் பேரன் அதனை எடுத்துச் சென்றான்.

பேத்தமங்கலம் ஏரியில் தேங்கித் தங்கவயலுக்குக் குடிநீரளித்த பாலாறு, மேலும் ஓடி வட ஆர்க்காட்டை அடைகிறது. அங்கிருந்து வந்த குடும்பங்களின் நான்காம் தலைமுறை இப்போது பெங்களூருக்கும் அதற்கப்பாலும் பெயர்கிறது. நம் சங்கத்து இல்லங்கள் பலவற்றின் கதையும் இதுவே அன்றோ? ஊர்விட்டு ஊர் செல்வோர் வீட்டைத் தூக்கிச் செல்ல இயலாது. முதியோரும் உடன் வருவதற்கில்லை. அவர்கள் கைத்தொழிலை அடுத்த கை தொடரும்படி ஆயத்தம் செய்து வாங்கிக்கொள்வது நம்மால் இயலும். நம் சகோதரிகள் அடுத்த விடுமுறையில் தாயகம் செல்லும்போது, தாயின் பழம்புடவைகளைக் கேட்டு வாங்குவதோடு நில்லாமல், அவர் அருகில் அமர்ந்து ஒரு சதுரமேனும் அவர் கையால் தைத்து வாங்கி வரட்டும். மற்ற முப்பத்தைந்தையும் பிறகு நாமே தைத்துக்கொள்ளலாம்.