முற்றத்து இருப்புப்பாதை

வேளச்சேரியில் பின்முற்றம் என்பது இன்று அரிய பொருளாகிவிட்டது. நம் வீட்டில் அது 18 அடி நீளமும் 9 அடி அகலமும் உடையது. ஒரு முருங்கையும் இரு மருதாணிச் செடிகளும் அதில் உண்டு. அவற்றினூடே வளைந்தோடும் சிறு இருப்புப்பாதையைக் காண வருவோர், "இது பிள்ளைகளுக்கா, உங்களுக்கா?" என்று வினவுவர். வாப்பாவுக்கு என்பதே நம் விடை.

வாப்பா இராமநாதபுரத்துக்காரர். எழும்பூரில் மீட்டர்கேஜ் வண்டியேறி ஊர் சென்ற காலத்தைப் பேசத் தொடங்கினால் இஷா வரை நீளும். நம் பிள்ளைகளோ அப்பாதையைக் கண்டதேயில்லை. கடற்கரை-தாம்பரம் மீட்டர்கேஜ் 2004-இல் மறைந்தது. மானாமதுரை-இராமேசுவரம் பாதை 2007-இல் அகலப்பாதையாயிற்று. அதே ஆண்டில் வேளச்சேரியை எட்டிய பறக்கும் ரயிலும் அகலப்பாதையே.

ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்து லேமன் நிறுவனம் 1968-இல் தோட்ட ரயில்களை வெளியிட்டது. அவற்றின் தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர். அளவு விகிதம் 22.5-க்கு ஒன்று. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வருகிறது! நமக்கென்றே கணக்கிட்டாற்போல் இருந்தது.

ஆனால் விலை நமக்கென்று கணக்கிட்டதன்று. கடன் கூடாது, ஜகாத்தும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சுவதிலேயே செய்ய வேண்டும் என்று வாப்பா விதித்தார். வீண்விரயத்தை மார்க்கம் எவ்வளவு கண்டிக்கிறது என்பதை நாம் அறியாதவரல்லர். எனவே சில மாதங்களில் இரண்டு துண்டுத் தண்டவாளம். பல மாதங்களில் ஒன்றுமில்லை. 2016-இல் தொடங்கிய வட்டம் 2019-இல்தான் கூடிற்று.

பணத்தைவிட மண்ணே பெருஞ்சோதனை. பள்ளிக்கரணைச் சதுப்புக்கு அண்மையிலுள்ள இந்தக் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். தரையில் பாதை விரித்தால் ஒரே பருவத்தில் பாம்பாக நெளிந்துவிடும். மேலும், 2015 டிசம்பர் வெள்ளத்தின் கறை அப்போது சுவரில் பளிச்சென்று இருந்தது. கொத்தனார் ஒருவர் அந்தக் கறைக்கு மேலே ரசமட்டம் பிடித்துக் கோடிழுத்தார். அவ்வுயரத்திற்குச் செங்கல் தூண்கள் எழுந்தன. பள்ளத்தில் கல்தூள் நிரப்பி, அதன்மேல் தூண், தூணின்மேல் பலகைக்கல், அதன்மேல் பொடிஜல்லி, பிறகே தண்டவாளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெய்தபோது நீர் பலகைக்கல்லைத் தொடவில்லை. ஆயினும் கூரையிலிருந்து கொட்டிய மழை ஜல்லியைப் பாதிக்கு மேல் வாரிச் சென்றது. பிள்ளைகள் அதை வடிகாலிலிருந்து கிண்ணங்களில் அள்ளிவந்தனர்.

நிலையத்து மேடையில் மனிதப் பொம்மைகள் இல்லை. வாப்பாவுக்கு அதில் உடன்பாடில்லை. ஆயிஷா நாயகியாரின் பொம்மைகளை நாம் எடுத்துக்காட்டினோம். "புள்ளைகளுக்குண்டா சரி. இது எனக்குண்டுதானே சொல்லிக்கிட்டிருக்கிய?" என்றார். மறுமொழி கிடைக்கவில்லை! ஆகவே மேடையில் ஒரு தகரப்பெட்டியும் மண்கூஜாவும் மட்டுமே காத்திருக்கின்றன.

இனி இருப்பது பாம்பன் பாலம். 1914-இல் திறக்கப்பட்டு 2022 டிசம்பரில் ரயிலோட்டம் நின்ற பழைய பாலத்தைச் சொல்கிறோம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் நடுப்பகுதி மின்தூக்கியைப் போல் நேராக மேலே எழுகிறது. பழையது இரு இறக்கைகளாகப் பிரிந்து, ஆட்கள் கையால் இயக்க, வானை நோக்கி விரியும். வாப்பா கேட்பது அந்த இறக்கைகளையே. அலுமினியச் சட்டத்தில் ஒன்றை முடித்துவிட்டோம். அதன் பின்புறம் தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைச் சேர்த்து எடை சமன் செய்தபின், சுண்டுவிரலால் தூக்கவும் எழுகிறது. இறங்கும்போது இரு தண்டவாள முனைகளும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். இல்லையேல் முதற்சக்கரமே தடம் புரளும். அந்தப் பொருத்தத்திற்கே நான்கு மாதங்களாயின.

வாப்பாவுக்கு இப்போது வயது 84; பார்வை மங்கி வருகிறது. ஜும்ஆ முடிந்து வந்ததும் பாலத்தருகே நாற்காலி போடச் சொல்லி, முடிந்த இறக்கையைத் தடவித் தூக்கி இறக்குகிறார். மற்றதற்குச் சட்டம் வெட்டியாயிற்று. ஈயக்குண்டுகள் இன்னும் நான்கு வேண்டும்.