கணக்கில் வராத பதினைந்து மணி நேரம்

கோவையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,160 கிலோமீட்டர். நேர் விமானத்தில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,600 கிலோமீட்டர்; ஏறக்குறைய 15 மணி நேரம். தங்கையின் முதல் பிரசவத்துக்கு அம்மா இந்த வழியாகத்தான் போனார்.

இந்தப் பாதையில் ஒரு விசித்திரம் உண்டு. கோடையில் சான் பிரான்சிஸ்கோவின் நேரம் சிங்கப்பூரைவிட 15 மணி நேரம் பின்தங்கியிருக்கும். காலை ஒன்பது மணிவாக்கில் கிளம்பும் விமானம் பசிபிக்கின் நடுவே தேதிக் கோட்டைத் தாண்டி, அதே நாள் காலை ஒன்பது மணிவாக்கில் தரையிறங்கும். “பொழுதுக்கும் உக்காந்து காலெல்லாம் வீங்கிப்போச்சு கண்ணு. கடியாரத்தப் பாத்தா கெளம்புன நேரமேதான் காட்டுது” என்றார் அம்மா போனில்.

உடம்பு உழைத்த நேரம் கணக்கில் காணாமல்போவது பெண்களுக்குப் புதிதல்ல. அம்மாவிடம் இருந்தது பி-2 என்னும் பார்வையாளர் விசா. வேலை பார்க்க அனுமதியில்லை. வழக்கமாக ஆறு மாதம்வரை தங்கலாம். அந்த ஆறு மாதமும் அம்மா விடியலில் எழுந்து செலவு ரசம் வைத்தார், பத்தியம் சமைத்தார், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினார், இரவில் தூக்கிக்கொண்டு நடந்தார். எந்தத் தாளிலும் இதற்கு வேலை என்று பெயரில்லை.

அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டு கூட்டரசுச் சட்டம் தகுதியுள்ள ஊழியருக்கு 12 வார விடுப்பை உறுதிசெய்கிறது; சம்பளம் தரச் சொல்லவில்லை. ஒரு நாட்டின் சட்டம் விட்டுவைத்த இடைவெளியை கொங்கு நாட்டு அம்மாக்கள் விமானமேறிப் போய் நிரப்புகிறார்கள்.

இங்கே காந்திபுரத்தில் அப்பாவின் மூன்று வேளைச் சாப்பாடு என் அடுப்புக்கு வந்தது. கல்லூரிக்குப் பஸ் பிடிக்கும் முன் தூக்குப்போசியை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனேன். ஒரு பெண் கடல் தாண்டினால் அவள் விட்டுப்போன வேலையை எடுக்க இன்னொரு பெண் வேண்டியிருக்கிறது. இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். மாணவிகளிடம் இந்த எண்களைச் சொன்னால் சிரிக்கிறார்கள். “எங்க வீட்ல அந்தத் தொண்ணூத்தேழு யாருங்க மேடம்?” என்று கேட்கிறார்கள்.

ஊர் திரும்பிய அம்மாவிடம் எல்லோரும் கேட்டது, “அமெரிக்கா சுத்திப் பாத்தீங்களா?” என்பதுதான். தங்க வாசல் பாலத்தைக் காரில் போகும்போது ஒருமுறை பார்த்திருக்கிறார்.

இப்போது தங்கை இரண்டாவது முறை கர்ப்பம். டிக்கெட் போடக் கேட்டபோது அம்மா சொன்னார்: “ரெண்டு மாசம் இருக்கறேன். கடைசிப் பத்து நாள் ஊர் சுத்தறதுக்கு. அதுக்குள்ள மாப்பிள்ள ரசம் வெக்கப் பழகிக்கட்டும். இங்க உங்கப்பனுஞ் சேத்தி.”

திரும்பும் தேதியை அம்மாவே குறித்துக் கொடுத்த முதல் டிக்கெட் அது. அப்பா இப்போதைக்கு அரிசிம்பருப்பு சாதம்வரை வந்திருக்கிறார்.