லைனை நிறுத்தியவளுக்கு நன்றி



இந்த வாரம் ஜப்பானின் நகோயாவில் உள்ள எங்கள் ஆலையில், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண் ஒருத்தி லைனையே நிறுத்திவிட்டாள். கார் கதவுக்குள் போகும் ஒயரில் ஒரு கிளிப் சரியாக உட்காரவில்லை. மாலைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அவளுக்கு நன்றி சொன்னார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

இங்குள்ள கயிற்று விதியை விரிவாகவே சொல்ல வேண்டும். வேலை செய்கிறவர் கைக்கு எட்டும் உயரத்தில் லைன் நெடுக ஒரு கயிறு ஓடும். குறை கண்ணில் பட்டால் அதை இழுக்க வேண்டும். விளக்கு எரியும், பாட்டு ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடி வருவார். லைன் உடனே நிற்காது. தரையில் போட்ட கோடு வரைக்கும் வண்டி நகரும். அதற்குள் சரிசெய்துவிட்டால் தலைவர் மறுபடி கயிற்றை இழுப்பார், விளக்கு அணையும். முடியாவிட்டால்தான் லைன் நிற்கும். இழுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. குறையைப் பார்த்தும் இழுக்காமல் விடுவதுதான் குற்றம். நின்ற பிறகு 'எதனால்?' என்று கேட்பார்கள். பதில் வந்ததும், 'அது எதனால்?' என்று அடுத்த கேள்வி. அன்றைக்குக் கிளிப்பில் தொடங்கிய விசாரணை, அதை வார்த்த அச்சின் தேய்மானத்தில் போய் முடிந்தது. அந்தப் பெண்ணின் பெயர் அதில் எங்கேயும் வரவில்லை.

இந்தப் பழக்கத்தின் வேர் ஒரு தறியில் இருக்கிறது. நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறியை ஜப்பானியக் கண்டுபிடிப்பாளர் சகிச்சி டொயோடா 1924-இல் முழுமைப்படுத்தினார். இவ்வூர் டொயோட்டா அருங்காட்சியகத்தில் அந்தத் தறியைப் பார்க்கலாம்; கோயம்புத்தூர்க்காரர்கள் அதைவிட்டு எளிதில் நகர மாட்டார்கள். அதே 1924-இல்தான் அமெரிக்காவில் பொறியாளர் வால்டர் ஷூஹார்ட் கட்டுப்பாட்டு வரைபடத்தை வரைந்தார். இயல்பாக வரும் ஏற்ற இறக்கம் எது, காரணத்தோடு வந்த கோளாறு எது என்று பிரித்துக் காட்டும் வரைபடம் அது.

அந்த வரைபடக் கணக்கை 1950-இல் ஜப்பானியருக்குக் கற்பித்தவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங். தம் சொற்பொழிவு நூலுக்கான உரிமத்தொகையை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதைக்கொண்டு 1951-இல் தரத்துக்கான டெமிங் பரிசு தொடங்கப்பட்டது. 1954-இல் தர நிர்வாக வல்லுநர் ஜோசப் ஜுரான் வந்து நிர்வாகிகளுக்கு வகுப்பெடுத்தார். 1962 முதல், கவோரு இஷிகாவாவின் முயற்சியால் தொழிலாளர்களே கூடிப் பேசும் தர வட்டங்கள் பரவின. பெரும்பாலான குறைகளுக்கு வேலைமுறையே காரணம், அதை மாற்ற வேண்டியது நிர்வாகம், தொழிலாளியின் மனத்திலிருந்து பயத்தை விரட்டுங்கள் என்று டெமிங் கடைசிவரை சொல்லிவந்தார்.

ஊரில், சென்னை அம்பத்தூரில், நான் வேலை பார்த்த பட்டறையில் பயம்தான் சூப்பர்வைசர். மிஷினை நிறுத்தினால் திட்டு, சம்பளத்தில் பிடித்தம். எல்லாத் தப்பும் கடைசியில் இருக்கும் இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்குப் போய்ச் சேரும். மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக ரிஜெக்ட் பெட்டியில் கிடந்ததும் லாரி ஏறும். சுவரில் மட்டும் ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் பளபளக்கும். ஆனாலும் அம்பத்தூர் எஸ்டேட்டின் காலை ஷிஃப்ட் டீயும் கூலன்ட் வாசனையும் இன்னும் கனவில் வருகின்றன.

நம் ஆட்களுக்கு இதெல்லாம் வராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதே அம்பத்தூருக்குப் பக்கத்தில், பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் 1998-இல் டெமிங் பரிசு வாங்கியது. இந்தியாவில் அதை முதலில் வாங்கிய நிறுவனம் அதுதான். 2002-இல் ஓசூரின் டி.வி.எஸ். மோட்டாரும் வாங்கியது. லேத்திலும் பிரஸ்ஸிலும் நின்றவர்கள் நம் பிள்ளைகள்தான்.

ஆகவே பட்டறை நடத்தும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு ஒரு பையன் மிஷினை நிறுத்திவிட்டு உங்களிடம் வந்தால் கத்தாதீர்கள். எதனால் என்று கேளுங்கள், கூடவே போய்ப் பாருங்கள். அவன் கூலியில் கை வைக்காதீர்கள்.