இவர் இழுக்க, நான் மாட்ட...

கார் என்றால் ஏறி உட்காரத் தெரியும். அவ்வளவுதான் என் ஞானம். அப்படிப்பட்ட நான் போன கோடையில் ஒரு பழைய காரின் முன் ஸீட்டுகள் இரண்டையும் பிரித்துப் புதுசாக்கினேன் என்றால், கூடப் பிறந்த அக்காவே நம்ப மறுக்கிறாள்!

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், டெட்ராய்ட் நகருக்குப் பக்கத்தில். இங்கே 'மஸில் கார்' என்று ஒரு ரகத்தின் மேல் பலருக்குப் பைத்தியம். நடுத்தரக் காருக்குள் பெரிய காரின் என்ஜினைத் தூக்கி வைத்திருப்பார்கள். 1964-ல் வந்த பாண்டியாக் ஜி.டி.ஓ.தான் இந்த மோகத்தைக் கிளப்பிவிட்டது என்பார்கள். பாண்டியாக் என்ற பெயரே 2010-ல் மூடப்பட்டுவிட்டது. மோகம் மட்டும் போகவில்லை.

ரிடையரானதும் இவர் 1966-ம் வருஷத்து ஜி.டி.ஓ. ஒன்றை வாங்கினார். என்ஜின், பெயின்ட் எல்லாம் முடிந்து, முன் ஸீட்டுகளைக் கழற்றிய சமயத்தில் வலது கை நடுங்க ஆரம்பித்தது. பார்க்கின்சன் என்றார் டாக்டர். ஸீட்டுகள் இரண்டு வருஷம் மூலையில் கிடந்தன. ஒரு நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே, "காரை வித்துடலாம்னு பார்க்கிறேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "நம்ம வீட்டு மெத்தை, தலையணைக்கெல்லாம் உறை தைச்சவ நான்தானே? நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்" என்றேன்.

ஸீட்டுக்குள் என்ன இருக்கிறது தெரியுமோ? இரும்புச் சட்டம், வளைந்து வளைந்து ஸ்பிரிங், அதன்மேல் சாக்குத் துணி, ஃபோம், கடைசியில் வினைல் உறை. உறையைப் பிடித்திருப்பவை சின்னச் சின்னக் கம்பி வளையங்கள். பன்றியின் மூக்கில் மாட்டும் வளையத்திலிருந்து வந்த பெயர் அதற்கு: 'ஹாக் ரிங்'!

பிரித்தால் உள்ளே எலிக்கூடு! சகோதரிகளே, இதை மட்டும் உலர்வாகப் பெருக்கிவிடாதீர்கள். தூசியோடு நோயும் மூக்கில் ஏறும். கிருமிநாசினி தெளித்து, ஊறவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு துடைத்தெடுத்தேன். ஸ்பிரிங்கின் துருவைத் தேய்த்துப் பெயின்ட் அடித்தேன். பழைய உறையின் மடிப்புகளில் நீளக் கம்பிகள் இருந்தன. "அதைத் தூக்கிப் போட்டுடாதே, புது உறைக்குள்ளே அதைத்தான் கோக்கணும்!" என்று இவர் பதறினார். இரண்டு வருஷத்தில் அத்தனை உரக்க இவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

புது உறையை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டதும் இளகிக் கொடுத்தது. இனி வளையம் மாட்டவேண்டும். இவர் குறடை எடுத்தார். முதல் வளையம் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது விழுந்தபோது, நான் எதையோ தேடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீயே மாட்டு. நான் இழுத்துப் பிடிக்கிறேன்" என்றார் மெதுவாக.

அப்போதுதான் கவனித்தேன். மடியில் சும்மா கிடந்தால் நடுங்குகிற அந்தக் கை, உறையை இறுக்கி இழுத்தபோது அவ்வளவாக நடுங்கவில்லை! இந்த வியாதியில் பலருக்கு அப்படித்தான் என்று டாக்டரும் பிறகு சொன்னார். முதலில் நடுவில், பிறகு இரு பக்கமும் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டே போனோம். மாத்திரை சாப்பிட்டு ஒரு மணி கழித்து, கை கொஞ்சம் பேச்சைக் கேட்கிற நேரத்தில், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. மூன்று வாரம் ஆயிற்று. காரை விற்கும் பேச்சு மறுபடி எழவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். இரண்டே கியர் உள்ள ஆட்டோமேடிக். ஸீட்டில் தலைக்கு அணை கிடையாது; அமெரிக்கக் கார்களில் அது கட்டாயமானது 1969-ல்தான். அதனால் மெதுவாகத்தான் போகிறேன்.

"உன் ஸீட் ஓரத்துல ஒரு சுருக்கம் இருக்கே" என்றார் போன வாரம்.

"இருக்கட்டும். நம்ம ரெண்டு பேர் முகத்திலும்தான் இருக்கு" என்றேன்.