சுமையும் மிதவையும்

விண்ட் றிவர் மலைத்தொடருக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் இரவு அவன் தன் முதுகுப்பையில் இருந்த யாவற்றையும் தரையிற் பரப்பி, ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்துக்கொண்டிருக்கிறான். கூடாரம், உறக்கப்பை, சிறிய அடுப்பு, ஆறு நாட்களுக்கான உணவு, தூண்டிற்கோல் ஆகியவற்றுக்கே 13 கிலோகிராம் ஆகிவிட்டது. எஞ்சியிருப்பது தோணி. அதனைக் கொண்டுபோவதா, விட்டுச்செல்வதா? கொண்டுபோவதாயின் எதனை?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள அம்மலைகளிற் பனியாறுகள் குடைந்துவிட்டுப்போன ஏரிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பெரும்பாலானவற்றுக்கு வீதி கிடையாது. நடந்தோ குதிரையிலோதான் செல்லவேண்டும். அங்கு மீன்கூடச் சுமந்து செல்லப்பட்டதுதான். 1930இல் இரயில்வே வேலையை இழந்த பினிஸ் மிச்செல் என்பவர் தம் மனைவியோடு அங்கு மீன்பிடி முகாம் ஒன்றை நடத்தினார். ட்ரவுட் குஞ்சுகளைப் பாற்கலன்களில் நிரப்பிக் குதிரைகள்மீது ஏற்றிச்சென்று, மீனற்றுக் கிடந்த ஏரிகளில் விட்டார். நுவரெலியா ஓடைகளில் ஆங்கிலேயர் ட்ரவுட் வளர்த்த கதையை அறிந்தோருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

உண்மையில், அதிகாலையிலும் அந்தியிலும் ட்ரவுட் கரையோரமாகவே இரைதேடி வருவதுண்டு. கரையில் நின்று பொறுமையோடு தூண்டில் வீசுபவனுக்குத் தோணி தேவையில்லை எனலாம். ஆயினும் செங்குத்தாகச் சரிந்த பாறைக்குவியல்கள் கரையை மறித்து நிற்கும் ஏரிகளில், மீன் திரியும் ஆழ்நீர் விளிம்பு தூண்டிலுக்கு எட்டாத் தொலைவிலேயே இருந்துவிடுகின்றது. ஆசை பிறப்பது அவ்விடத்திலேதான்.

சுமக்கத்தக்க தோணி என்னும் எண்ணத்துக்குப் பின்னால் ஒரு துயர வரலாறு உண்டு. 1821இல் கனடாவின் வடகோடியிலிருந்து யோன் பிராங்கிளினின் குழுவினர் தரைவழியே திரும்பிக்கொண்டிருந்தனர். பசியாலும் களைப்பாலும் தளர்ந்திருந்த சுமைகாவிகள் மீன்வலைகளை எறிந்துவிட்டனர். தோணிகளும் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து கைவிடப்பட்டன. சுமை குறைந்தது, ஆனால் கொப்பர்மைன் ஆறு குறுக்கிட்டது. துணியும் அலரிக் கொம்புகளும் கொண்டு ஒரு சிறு தோணியைக் கட்டி அக்கரை சேர்வதற்கிடையில் ஒரு வாரத்துக்கு மேற் கழிந்துவிட்டது. இருபதுபேரில் 11 பேர் உயிரோடு மீளவில்லை. எறிந்தவர்களைக் குறைகூறுவது எளிது. சுமந்தவன் தோள் அல்லவா அதனை அறியும்!

பிரித்தானியக் கடற்படை அதிகாரியான பீற்றர் ஹோல்கற் 1840களில் இதற்கு ஒரு விடை கண்டார். றப்பர் பூசிய துணியால் அவர் செய்த மேலங்கியே தோணி. ஊதுதுருத்தியால் காற்றடைத்தாற் சில நிமிடங்களில் ஒருவர் அதில் அமரலாம். கைத்தடி துடுப்பின் பிடியாகும், குடை பாயாகும். அது ஏறக்குறைய ஏழரை இறாத்தல் நிறையுடையது. (இலங்கையில் றப்பர்க் கன்று ஒன்றுதானும் நடப்படாத காலம் அது, ஹெனரத்கொடைக்கு அவை வந்து சேர்ந்தது 1876இலேயே.) புத்திசாலித்தனமான ஆக்கம் எனப் பாராட்டிய கடற்படைத் தலைமையகம், பொதுப் பயன்பாட்டுக்கு அதனை ஏற்க மறுத்துவிட்டது. தூண்டிற்காரருக்கும் வாத்து வேட்டைக்காரருக்கும் விற்க அவர் முயன்றார், வாங்குவாரில்லை. எனினும் 1846இல் ஆட்டிக் பயணம் மேற்கொண்ட யோன் றே அவருடைய தோணியைக் கொண்டுசென்று பயன்படுத்தினார்.

இனி, தரையில் கிடக்கும் தோணிகளுக்கு வருவோம். முதலாவது கடற்கரையிற் சிறுவர் விளையாடும் வினைல் தோணி. விலை மலிவு; ஆனால் கருங்கல்லின் கூர்முனை ஒன்று போதும் அதன் கதையை முடிக்க. இரண்டாவது, நீருக்குள் கால்களைத் தொங்கவிட்டு அமரும் மிதவை வளையம். கைகள் இரண்டும் தூண்டிலுக்கு விடுபடுவது அதன் பெருஞ்சிறப்பு. ஆயின் காலில் அணியும் துடுப்புகளும் நீர்புகாக் காற்சட்டையும் சேர்ந்தபின்னர் உண்மையான நிறை வேறாகிவிடுகின்றது; பனியுருகிய நீரில் கால்கள் விரைவில் மரத்தும் போகின்றன. மூன்றாவதும் நான்காவதும் பொலியூரிதேன் பூசிய நைலோன் தோணிகள். ஒன்று 1 கிலோகிராம் அளவினது. மற்றையது தடித்த அடித்தளத்தோடு இரண்டரைக் கிலோவைத் தொடுகின்றது.

தோணியை மட்டும் நிறுப்பது தன்னைத் தானே ஏமாற்றுவதாகும். துடுப்பு, உயிர்காப்பு அங்கி, ஒட்டுத்துண்டுகள், காற்றை அள்ளி அடைக்கும் மெல்லிய பை யாவும் அதன் நிறையே. இவற்றுள் அங்கியைத்தான் பலர் முதலில் விட்டுச்செல்கின்றனர். உறைநிலைக்கு அண்மித்த நீரில் விழுந்தவனுக்கு முதல் நிமிடம் மூச்சுத்திணறலோடு கழியும். பத்து நிமிடமளவில் கைகால்கள் சொற்கேளா. நல்ல நீச்சற்காரனும் இதற்கு விலக்கல்லன். அடிக்கட்டை இல்லாத இத்தோணிகளையோ பிற்பகலில் எழும் மலைக்காற்று சருகுபோல் தள்ளிக்கொண்டு போய்விடும்.

அவன் இரண்டரைக் கிலோத் தோணியை எடுத்து வைத்தான். அங்கியையும் வைத்தான். இரண்டாவது பாத்திரம், புகைப்படக் கருவி, மேலதிகக் காற்சட்டை, வாசிப்பதற்கென வைத்திருந்த தடித்த புத்தகம் என்பன வெளியே வந்தன. புத்தகத்தை மட்டும் இருமுறை உள்ளே வைத்து, இருமுறை வெளியே எடுத்தான்.

மூன்றாம் நாட் காலை ஏரிக்கரையில் தோணிக்குக் காற்றடைத்தான். குளிர்நீரில் இட்டதும் உள்ளிருந்த காற்றுச் சுருங்க, தோணி தளர்ந்தது. மீண்டும் வாயால் ஊதி இறுக்கினான். நண்பகல்வரை இரண்டு ட்ரவுட்டுகள். மூன்றாவது தூண்டிலை இழுத்துக்கொண்டிருக்கையில் மேற்குச் சரிவின் நீர் கருமையாகச் சுருங்கத் தொடங்கியதைக் கண்டான். நூலை அறுத்துவிட்டுத் துடுப்பைக் கையில் எடுத்தான். கரை சேர அரைமணி நேரம் பிடித்தது. தோள்கள் நடுங்க, தோணியைப் பாறை நிழலுக்கு இழுத்துச்சென்று, வெயிலில் விரியும் காற்று பொருத்துகளைப் பிளந்துவிடாதபடி வால்வைச் சிறிது திறந்துவிட்ட பின்னரே அங்கியைக் கழற்றினான்.